போர்க்காட்சிக்கு ரயில்: முதலில் சிப்பாயை அளந்து வாருங்கள்

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர்க்காட்சி அமைக்கும் சிங்கப்பூர் நண்பர்கள், எந்த ரயில் பொருந்தும் என்று கேட்டு அனுப்பியவற்றுக்கு, அவரவர் வட்டாரப் பெயரைப் போட்டு, இங்கே பதில் சொல்கிறேன். டாங்கி, விமானம் பற்றிய கேள்விகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்; அவை என் துறை அல்ல.

தெம்பனிஸ்: ஐயா, என்னிடம் 1:35 அளவில் ஜெர்மன் சிப்பாய்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒரு நீராவி ரயில் நிற்க வேண்டும். கடையில் ஜி அளவு ரயிலைக் காட்டினார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஜி அளவு என்பது 1:22.5, அதாவது நிஜத்தின் 22.5இல் ஒரு பங்கு; உங்கள் சிப்பாய் 35இல் ஒரு பங்குதான். அந்த எஞ்சின் பக்கத்தில் நிறுத்தினால் உங்கள் சிப்பாய் ஒன்றாம் வகுப்புப் பையன் உயரம்தான் தெரிவார்.

உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, 1:35 அளவிலேயே வரும் பிளாஸ்டிக் ஒட்டுத் தொகுப்பு. டிரம்பீட்டர் நிறுவனம் ஜெர்மானிய 52 வகை, 86 வகை எஞ்சின்களை இந்த அளவில் செய்திருக்கிறது. 52 வகை போர்க்காலத்துக்கென்றே 1942 முதல் அவசர அவசரமாக, அலங்காரமெல்லாம் நீக்கி, 6,000க்கும் மேல் கட்டப்பட்டது. உங்கள் காட்சிக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஓடாது. காட்சிப் பலகையில் ரயில் ஓட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? நிற்கட்டும். வாங்குமுன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள். நிஜ எஞ்சின் நிலக்கரித் தொட்டியோடு 23 மீட்டர். 1:35இல் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். அடுக்குமாடி வீட்டின் கண்ணாடி அலமாரிகள் பலவற்றில் அது குறுக்கே மட்டும்தான் நுழையும்.

இரண்டாவது வழி, 45 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் 1:32 ரயில். விலை கையைச் சுடும். சிப்பாயைவிட ஒன்பது விழுக்காடு பெரியது. தூரத்தில் நிறுத்தினால் தெரியாது என்பார்கள்; தெரியும். பின்னால் இருப்பது சிறியதாக இருந்தால்தான் கண் ஏமாறும், பெரியதாக இருந்தால் அல்ல. அளவு வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பவை எஞ்சினின் படிக்கட்டும் கதவுக் கைப்பிடியும்தான். அந்த இரண்டு இடங்களிலும் ஆளை நிறுத்தாமல் இருந்தால் பாதிப் பிழைப்பு நடந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: சிப்பாயை உள்ளங்காலிலிருந்து கண் வரை அளவுகோலால் அளந்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். தலைக்கவசமும் அடிப்பீடமும் பொய் சொல்லும்.

பிடோக்: பெட்டியில் "எச்ஓ/ஓஓ" என்று போட்டிருக்கிறது. எச்ஓ ரயில் வாங்கிவிட்டேன். சிப்பாய்கள் எஞ்சினைவிடப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

அந்தச் சாய்வுக்கோடு எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது! எச்ஓ 1:87. ஓஓ 1:76. இரண்டும் ஓடுவது 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. எச்ஓ அளவில் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் பாதையை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெருக்கினார்கள். பழைய சிப்பாய்ப் பெட்டிகள் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டு இரண்டு கூட்டத்துக்கும் விற்றன. உங்கள் சிப்பாய் 25 மில்லிமீட்டர் உயரம் என்றால் அவர் 1:72. அவருக்கு ஓஓ ரயில் ஒத்துப்போகும். எச்ஓ ரயிலை விற்றுவிடுங்கள்.

செங்காங்: மாமனாரின் பழைய ஈயச் சிப்பாய்களை என் ஆறு வயது மகன் ரயிலோடு சேர்த்து விளையாடலாமா?

கூடாது அம்மா. ஈயம் நஞ்சு, பழைய சாயத்திலும் ஈயம் இருக்கும். கண்ணாடிக்குள் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். மகனுக்குப் புதிய பிளாஸ்டிக் சிப்பாய்கள் போதும்.

ஜூரோங்: 54 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு எந்த ரயில்?

1:32. மேலே தெம்பனிஸ் நண்பருக்குச் சொன்னதில் இரண்டாவது வழி.

தோ பாயோ: 54 மில்லிமீட்டர் உருவங்களை வைத்துச் சயாம் மரண ரயில் காட்சி செய்ய ஆசை. 1:32 ரயிலையே வாங்கட்டுமா?

நல்ல கேள்வி. வாங்காதீர்கள். மரண ரயில் என்பது போரில் ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் கொண்டு சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட பாதை. கடையில் கிடைக்கும் 1:32 ரயில்கள் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதைக்கானவை. மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் மீட்டர் கேஜ். 1,000 மில்லிமீட்டரை 32ஆல் வகுத்தால் 31.25. ஓ கேஜ் என்ற பொம்மை ரயில் தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர்! ஆகவே ஓ கேஜ் தண்டவாளத்தை வாங்கி, அதன் சீரான குறுக்குக்கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கோணல்மாணலாக வெட்டிய மரத்துண்டுகளைப் போடுங்கள். அந்தப் பாதைக்குத் தண்டவாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோனார்கள். புதுத் தண்டவாளம் போலப் பளபளக்க விடாதீர்கள்.

எஞ்சின் என்றால் ஜப்பானின் சி56. தொண்ணூறு எஞ்சின்களைச் சக்கர அகலம் குறைத்துத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று தோக்கியோவில் யாசுகுனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது, படங்கள் ஏராளம். கேட்டோ நிறுவனத்தின் சி56 இருக்கிறது, ஆனால் அது 1:150. உங்கள் சிப்பாயின் இடுப்புக்கு வந்தால் அதிகம். என் யோசனை: எஞ்சினையே விட்டுவிடுங்கள். இரும்பு அரிசி வாகன் ஒன்று போதும். பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பெட்டி, நடுவில் தள்ளு கதவு. சிங்கப்பூரிலிருந்து கைதிகளை அதில்தான் அடைத்து அனுப்பினார்கள், ஒன்றில் ஏறத்தாழ முப்பது பேர். பாதி திறந்த கதவும் அதன் இருட்டும் எந்த எஞ்சினும் சொல்லாததைச் சொல்லும். பாதை போடும் காட்சி என்றால் தமிழ்த் தொழிலாளர்களை மறக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்: கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. கடையில் கிடைப்பவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள்தான். அவர்களே போதும். பொம்மை வேலையில் எதற்குச் சரித்திரப் பாடம்?

சட்டைப் பொத்தானின் எண்ணிக்கைக்குச் சண்டை போடும் நாம், ஆட்களின் எண்ணிக்கையில் மட்டும் தாராளமாகிவிடலாமா? 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போல இரண்டு மூன்று மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்கின்றன மதிப்பீடுகள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கடையில் கிடைக்கவில்லை என்பதற்காக அவர்கள் அங்கே இல்லாமல் போய்விடுவார்களா?

உட்லண்ட்ஸ், மீண்டும்: கைதிகள் வரைந்த ஓவியங்கள் உண்டு, குறிப்புகள் உண்டு. தொழிலாளர்களைப் பற்றி அவ்வளவு சான்று இல்லை. ஊகித்துத் தவறாகச் செய்வதைவிடச் செய்யாமலிருப்பது நேர்மை.

இது வாதம், இதற்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குச் சீருடை இல்லை. தோட்டத்தில் உடுத்தியதையே உடுத்திப் போனார்கள். 1930களின் தோட்டப் படங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. நீங்கள் சேற்றின் நிறத்தை ஊகிக்கிறீர்கள், மூங்கிலின் நிறத்தை ஊகிக்கிறீர்கள். வேட்டியில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

ஈசூன்: என் தாத்தாவின் அண்ணன் போய்த் திரும்பாதவர். அவரைப் பொம்மையாக்கி மேசையில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

உங்களோடு வாதாட மாட்டேன். கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் பர்மாவின் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தொழிலாளர்களுக்கு அப்படி இல்லை. அதனால்தான் வைக்கச் சொல்கிறேன். வைக்காதிருப்பது உங்கள் உரிமை.

புங்கோல்: அந்த மரப்பாலத்தை ரயிலோடு வெடிக்க வைப்பது போல...

அது குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கில சினிமா, படமாக்கியது இலங்கையில். நிஜத்தில் மரப்பாலம் ஒன்று, இரும்புப் பாலம் ஒன்று. இரண்டையும் 1945இல் நேச நாட்டு விமானங்கள் தாக்கின. இரும்புப் பாலத்தின் வளைந்த தாங்கிகள் ஜாவாவிலிருந்து வந்தவை; இன்று நடுவில் தெரியும் கோண வடிவத் தாங்கிகள் போருக்குப் பிந்தையவை. அவற்றைச் செய்து வைத்துவிட்டு 1943 என்று பலகை மாட்டாதீர்கள்.

பாசிர் ரிஸ்: என் சிப்பாய்க்கு எந்த ரயில் சரி?

எந்தச் சிப்பாய்? எத்தனை மில்லிமீட்டர்? அளவுகோல், அளவுகோல்.

சுவா சூ காங்: பெட்டியில் எச்ஓ/ஓஓ என்று...

பிடோக் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குவீன்ஸ்டவுன்: தஞ்சோங் பகார் நிலையத்தைப் பின்னணியாக வைக்கலாமா?

தாராளமாக. 1932இல் திறந்தது, ஆகவே போர்க்காலத்துக்குப் பொருந்தும். முகப்பில் நான்கு வெண்பளிங்கு உருவங்கள், எஃப், எம், எஸ், ஆர் (அன்றைய கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். 1:32இல் முழுக் கட்டடம் வீட்டை அடைத்துவிடும். ஒரு வளைவையும் ஓர் உருவத்தையும் செய்யுங்கள். 1942 பிப்ரவரி தொடக்கக் காட்சி என்றால் ஜொகூரிலிருந்து ரயில் வருவதாகக் காட்டாதீர்கள். ஜனவரி 31ஆம் தேதியே ஜொகூர்க் கடற்பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ், மூன்றாம் முறை: சரி, தமிழ்த் தொழிலாளர்களை வைப்பதாக இருந்தால் எப்படிச் செய்வது? அதைச் சொல்லவில்லையே.

கேட்டீர்களே, மகிழ்ச்சி. சட்டையில்லாத 54 மில்லிமீட்டர் கைதி உருவங்களை எடுங்கள். தொப்பியைச் சீவிவிட்டு, இருபகுதிப் பசைமண்ணில் (எபாக்சி பட்டி) தலைப்பாகை சுற்றுங்கள். வேட்டிக்கு மெல்லிய காகிதக் கைக்குட்டை: ஒரே படலமாகப் பிரித்து, நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, இடுப்பில் சுற்றி முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள். காய்வதற்குள் ஊசிமுனையால் மடிப்பைக் கீறிவிட வேண்டும். வெள்ளை அடிக்காதீர்கள், சேற்றுப் பழுப்புதான். கையில் மண்வெட்டி, கூடை. பசைமண், தகடு, பசை எல்லாம் பிராஸ் பசா வளாகத்து ஓவியப் பொருள் கடைகளில் தேடுங்கள். பசைமண்ணைப் பிசையும்போது கையுறை போடுங்கள், தோல் அரிக்கும்.