அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 பார்ட்டிக்கு ஃபெல்ட் துணியில் என்னென்ன செய்யலாம்? தையல் மிஷின் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். ஃபெல்ட் நெய்த துணி கிடையாது, இழைகளை அழுத்திப் பிணைத்துச் செய்வது. அதனால் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கிற வேலையே இல்லை. நல்ல கத்தரி ஒன்று, ஊசி, எம்ப்ராய்டரி நூல், இவ்வளவுதான் வேண்டும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள், வீட்டின் பின்புறப் புல்வெளி, மதியம் ஆரம்பித்து இரவு வாணவேடிக்கை வரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மனதில் வைத்தே சொல்கிறேன். நாங்கள் இருப்பது டெக்சஸ். எங்கள் தெருவில் வருடா வருடம் ஜூலை 4 விருந்து உண்டு, அலங்காரம் பெரும்பாலும் என் கையில்தான் வந்து சேரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கொடியைச் செய்யாதீர்கள். கொடியில் இருக்கிற நட்சத்திரத்தையும் பட்டைகளையும் அந்த மூன்று நிறங்களையும் எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்யுங்கள். அமெரிக்காவில் ஃப்ளாக் கோட் என்று ஒரு சட்டம் இருக்கிறது. சாதாரண ஆட்கள் மீறினால் யாரும் தண்டிக்கப் போவதில்லை, நடைமுறையில் அது ஒரு வழிகாட்டிதான். ஆனாலும் அதில் சொல்லியிருப்பது நியாயமாகவே இருக்கிறது: கொடியை உடுப்பாகவோ விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது, மெத்தை உறையிலும் கைக்குட்டையிலும் பூவேலை செய்யக் கூடாது, பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற காகித நாப்கினில் அச்சிடக் கூடாது. அலங்காரத்துக்கு என்றால் நீலம் மேலே, வெள்ளை நடுவில், சிவப்பு கீழே வரும்படி துணித் தொங்கல் கட்டிக்கொள்ளலாம் என்று அதிலேயே வழியும் சொல்லியிருக்கிறது. நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்து, வருடக்கணக்காகக் காத்திருந்து, உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கியவர்கள். கெச்சப் சிந்துகிற மேசையில் கொடியை விரிப்பது எனக்கு மனது ஒப்பவில்லை. அது போக, 13 பட்டையும், மாநிலத்துக்கு ஒன்றாக 50 நட்சத்திரமும் ஒரு சின்ன ஃபெல்ட் தாளில் அடங்கவும் அடங்காது, நட்சத்திரம் கடுகளவு ஆகிவிடும்.

துணியைப் பற்றி. கைவேலைக் கடைகளில் 9 அங்குல அகலம், 12 அங்குல நீளத் தாளாகக் கிடைக்கிற மலிவு ஃபெல்ட் அக்ரிலிக்கோ பாலியெஸ்டரோதான். தோரணத்துக்கும் பிள்ளைகள் வெட்டி விளையாடவும் அது போதும். கம்பளி கலந்தது விலை கூடுதல், ஆனால் கெட்டியாக இருக்கும், ஓரம் கத்தி மாதிரி வெட்டுப்படும், பல வருடம் வரும், ஆகவே நட்சத்திரங்களுக்கு மட்டும் அதை வாங்குங்கள். கம்பளியில் சிவப்பு நனைந்தால் சாயம் இறங்கலாம், வெள்ளையோடு சேர்த்துத் தைக்கும் முன் ஈர டிஷ்யூவை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மழை எப்போது கொட்டும் என்று யாருக்குத் தெரியும்.

நட்சத்திரம் வெட்டுவதுதான் எல்லாருக்கும் தகராறு. காகிதத்தை மடித்து ஒரே வெட்டில் ஐந்து முனை நட்சத்திரம் எடுத்துக் காட்டினார் என்று பெட்ஸி ராஸ் அம்மையாரைப் பற்றி ஒரு கதை உண்டு, பிலடெல்பியாவில் அவர் பெயரில் ஒரு வீட்டையே காட்டுகிறார்கள். அவர் அந்த ஊரில் கொடி தைத்தவர் என்பது உண்மை. முதல் கொடியைத் தைத்தவரே அவர்தான் என்கிற கதையை 1870-இல் அவருடைய பேரன் சொல்லித்தான் ஊர் அறிந்தது, அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அதற்கு ஆதாரம் இல்லை. கதை எப்படியோ, மடித்து வெட்டுகிற வித்தை காகிதத்துக்கு நன்றாகவே வரும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஃபெல்ட்டில் அப்படிச் செய்ய முடியாது, தடிமன் அதிகம், மடித்தால் உள் அடுக்கு கோணிக்கொள்ளும். நட்சத்திர வடிவ குக்கீ கட்டர் இருந்தால் அதை அட்டையில் வரைந்து வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நட்சத்திரம் என்றால் காகித அச்சை ஃபெல்ட் மேல் செல்லோடேப்பால் முழுக்க மூடி ஒட்டி, டேப், காகிதம், துணி மூன்றையும் சேர்த்தே வெட்டுங்கள். துணி நகராது, முனை கூர்மையாக வரும். உள்மூலைகளில் கத்தரியின் நுனியால் வெட்டாமல், முனையிலிருந்து மூலை வரை ஒரு வெட்டு, மறுபக்கமிருந்து ஒரு வெட்டு என்று போனால் மூலை சுத்தமாக இருக்கும்.

அலங்காரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அரைவட்ட விசிறி. பழைய அமெரிக்க வீடுகளின் முன்வாசல் கைப்பிடிக் கம்பியில் மடிப்பு மடிப்பாகத் துணி தொங்குமே, அதன் ஃபெல்ட் வடிவம். சிவப்பில் 12 அங்குல விட்டத்துக்கு ஒரு அரைவட்டம், வெள்ளையில் 8 அங்குலம், நீலத்தில் 4 அங்குலம். நேர்விளிம்புகள் மேலே ஒன்றாக வரும்படி அடுக்கினால் சிவப்பும் வெள்ளையும் இரண்டிரண்டு அங்குல வளையமாகத் தெரியும், நீலம் மேலே, சிவப்பு கீழே என்று ஃப்ளாக் கோட் சொன்ன வரிசையும் தானாக அமைந்துவிடும். நீலத்தின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை நட்சத்திரம். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலைப் பிரித்து இரண்டு இழை எடுத்து, வளைவு ஓரமாக சாதாரண ஓட்டுத் தையல் போடுங்கள். வெள்ளை மேல் சிவப்பு நூல், நீலத்தின் மேல் வெள்ளை நூல் என்று மாற்றிப் போட்டால் கைத்தையல் என்பது தூரத்திலிருந்தே தெரியும், அதுதான் அழகு. மேல் விளிம்பில் ஒரு ரிப்பனை வைத்துத் தைத்துவிட்டால் வேலியில் வரிசையாகக் கட்டிவிடலாம். சிவப்புத் தாளில் இதற்கு 6 அங்குல உயரம்தான் செலவாகும். மீதி 3 அங்குலப் பட்டையை எறிந்துவிடாதீர்கள், கீழே வேலை இருக்கிறது.

முக்கோணத் தோரணம் இன்னும் சுலபம். தாளை நீளவாக்கில் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் அடிப்பக்கம் 4 அங்குலம் வைத்து நிமிர்ந்தது ஒன்று, கவிழ்ந்தது ஒன்று என்று மாற்றி மாற்றி வரைந்தால் பாதிக்கு 5 வீதம் ஒரு தாளில் 10 முக்கோணம் கிடைக்கும். மூன்று நிறத்துக்கும் ஒவ்வொரு தாள், 30 முக்கோணம், ஒரு அங்குலம் இடைவெளி விட்டுக் கோத்தால் 12 அடிக்கு மேல் தோரணம். வெள்ளை முக்கோணங்களைத் தனிச் சரமாகக் கோத்து வைத்தால் ஆகஸ்ட் 15-க்கு மேலே ஒரு காவிச் சரம், கீழே ஒரு பச்சைச் சரம் சேர்த்து அப்படியே தொங்கவிடலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இதையெல்லாம் குளூ கன்னால் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். வீட்டுக்குள் மாட்டுவதற்குச் சரி. வெளியே ஜூலை வெயிலில் அந்தப் பசை இளகும், காற்று வந்தால் முக்கோணம் ஒவ்வொன்றாக உதிரும். தையல்தான் நிற்கும், தோரணத்துக்கு நாலு தையல் போட்டாலே போதும்.

இப்போது பிள்ளைகளுக்கு. விருந்தில் அவர்கள் கையில் ஊசியைக் கொடுத்து உட்கார வைக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், பத்து வயதுக்காரர்கள்கூட அன்றைக்கு நிலையாக இருக்க மாட்டார்கள். ஃபெல்ட் மேல் ஃபெல்ட்டை வைத்தால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும், அந்தக் குணத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு பெரிய பார்சல் அட்டையைப் பிரித்து, அடர்நீல ஃபெல்ட்டை இழுத்துப் போர்த்திப் பின்பக்கம் ஒட்டி, காற்றுப் படாத சுவரில் கொஞ்சம் சாய்த்து வைத்துவிடுங்கள். கீழே ஒரு கூடையில் மெல்லிய கீற்றுகள், வட்டங்கள், குட்டி நட்சத்திரங்கள். சின்னவர்கள் இரவு வானத்தில் வாணவேடிக்கை வைப்பார்கள், கலைப்பார்கள், மறுபடி வைப்பார்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு அதே பலகையில் ஒரு புதிர் உண்டு, விருந்தில் நான் ஆவலாகக் காத்திருப்பது இதற்குத்தான். வெள்ளை நட்சத்திரம் 51 வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 48 கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள், 1912-இலிருந்து கொடி அப்படித்தான் இருந்தது. அப்புறம் இன்னொரு நட்சத்திரம் கொடுத்து, இது அலாஸ்கா என்று சொல்லுங்கள். ஏழுக்கு ஏழு என்று கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அந்த 49 நட்சத்திரக் கொடி 1959 ஜூலை 4 முதல் ஒரே ஒரு வருடம்தான் பறந்தது. அடுத்தது ஹவாய், 50. இங்கேதான் கூச்சல் ஆரம்பிக்கும். ஐந்துக்குப் பத்து வைப்பார்கள், நீளமாக இழுத்துக்கொண்டு போகும், சதுரமாக வைக்கப் பார்த்தால் ஒன்று மிஞ்சும். 6, 5, 6, 5 என்று மாற்றி மாற்றி ஒன்பது வரிசை என்கிற விடையை யாராவது ஒரு பிள்ளை தானாகப் பிடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள், பக்கத்தில் பறக்கிற கொடியை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் சரிதான். 1960 ஜூலை 4-இலிருந்து இன்று வரை அந்த அமைப்புதான். கடைசியாக 51-ஆவது நட்சத்திரத்தைக் கொடுத்து, புது மாநிலம் ஒன்று சேர்ந்தால் எப்படி அடுக்குவாய் என்று கேளுங்கள். சரியான விடை என்று ஒன்று கிடையாது, பெரியவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்தது 13 நட்சத்திர வேட்டை. உள்ளங்கை அளவில் 13 நட்சத்திரம் வெட்டி, ஒவ்வொன்றிலும், பிரிட்டனிடமிருந்து பிரிந்து முதல் மாநிலங்களான 13 ஆதி காலனிகளில் ஒன்றின் பெயரைத் துணி மார்க்கரால் எழுதி, செடிக்குள், நாற்காலிக்கு அடியில், கிரில் பக்கம் போகாமல் வேறு எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஒளித்துவிடுங்கள். பின்பக்கம், அந்த மாநிலம் அரசமைப்பை ஏற்றுக்கொண்ட தேதி. எல்லாம் கிடைத்ததும் தேதி வரிசையில் கயிற்றில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். டெலவேர் முதலில், 1787 டிசம்பர் 7. அதே மாதத்தில் பென்சில்வேனியா 12, நியூ ஜெர்சி 18. அடுத்த வருடம் ஜார்ஜியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேரிலாந்து, தென் கரோலினா, நியூ ஹாம்ப்ஷயர், வர்ஜீனியா, நியூயார்க். வட கரோலினா 1789 நவம்பரில். ரோட் ஐலண்ட் கடைசி, 1790 மே 29. 1776-இல் சுதந்திரம் அறிவித்த பிறகும் ஒரே அரசமைப்புக்குள் 13 பேரும் வந்து சேர அத்தனை காலம் ஆனது என்பதை அந்தக் கயிறு காட்டிவிடும். வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டாம், மாட்டுகிறபோது பிள்ளைகளே கேட்பார்கள்.

மேலே வைக்கச் சொன்ன சிவப்புப் பட்டை இதற்குத்தான்: ஃபெல்ட் கம்பி மத்தாப்பு. 3 அங்குல அகலத்தில் அரை அங்குலம் விட்டு மீதியைக் கால் அங்குலக் கீற்றுகளாக வெட்டுங்கள். மொட்டையான மரக்குச்சியின் நுனியில் பசை தடவி, வெட்டாத ஓரத்தைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கீழே இறங்குங்கள். சிவப்புக்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் நீலம். ஆட்டினால் குஞ்சம் விரியும். ஐந்து வயதுக்காரர் கையில் உண்மையான மத்தாப்பைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அது எரிகிற சூடு கிட்டத்தட்ட 2,000 டிகிரி ஃபாரன்ஹீட், சில உலோகங்களே உருகுகிற அளவு. மாசசூசெட்ஸில் வீட்டு வாணவேடிக்கை எதற்கும் அனுமதி இல்லை, மத்தாப்பு உட்பட. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எதையாவது கொளுத்துவதாக இருந்தால் அதற்கு முன் ஃபெல்ட் தோரணம் அத்தனையையும் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும், அக்ரிலிக் தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும்.

தண்ணீர் விளையாட்டு வேண்டுமென்றால் கம்பளி உருண்டை செய்யலாம். நூற்காத ஆட்டுக் கம்பளி ரோவிங் என்ற பெயரில் கிடைக்கும். கொஞ்சம் பிய்த்து உருட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதலில் தொட்டும் தொடாமலும், பிறகு அழுத்தி, உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிப் பந்தாகிவிடும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, ஈரமும் சூடும் உராய்வும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, அக்ரிலிக்கில் இது நடக்காது. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே உருண்டையில் கலக்க விடாதீர்கள், ரோஸ் ஆகிவிடும். காய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், பிள்ளைகள் ஈரத்தோடு ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகட்டும்.

அரிசியோ பயறோ போட்டுத் தைத்த பை, அதை எறிய ஒரு வாளி, இதற்கு விளக்கம் தேவையில்லை, தையலை மட்டும் நெருக்கமாகப் போடுங்கள். காலையில் தெருவில் சைக்கிள் ஊர்வலம் உண்டென்றால் முக்கோணங்களை ஹேண்டில்பாரில் கட்டுங்கள், சக்கரக் கம்பி பக்கம் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கைகள் வருவார்கள் என்றால் பட்டன், மணி எதையும் தைக்காதீர்கள், வாய்க்குத்தான் போகும்.

நேரம் குறைவாக இருந்தால் முதலில் நீலப் பலகையும் 51 நட்சத்திரமும். அடுத்து மத்தாப்பு, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, கூடுதலாக மூன்று நாலு. அதற்கு மேல் கை ஒழிந்தால் விசிறி, ஒரு மாலையில் இரண்டு தைக்கலாம், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கூட உட்கார்ந்தால் நாலு. சிவப்பும் நீலமும் ஜூன் கடைசியில் கடையில் காலியாகிவிடும், மே கடைசியில் வருகிற மெமோரியல் டே விடுமுறைத் தள்ளுபடியிலேயே வாங்கிவிடுங்கள். பலகையில் உங்கள் பிள்ளைகள் 51-ஐ எப்படி அடுக்கினார்கள் என்று கீழே கருத்தில் ஒரு படம் போடுங்கள், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.