குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழக எம்எல்ஏ ஒருவரின் வாக்கு மதிப்பைக் கணக்கிட்டால் 308 என வருகிறதா?

நீங்கள் எடுத்தது 2011 மக்கள்தொகை, அதனால்தான் 176-க்குப் பதில் 308 வருகிறது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் 1971 கணக்கெடுப்புதான். 1976-ல் 42-வது திருத்தம் அதை உறைய வைத்தது. 84-வது திருத்தம் 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

போட்டுப் பாருங்கள்: தமிழகத்தின் 1971 மக்கள்தொகையான 4,11,99,168-ஐ எம்எல்ஏக்களின் எண்ணிக்கையான 234-ஆல் வகுத்து, பிறகு 1000-ஆல் வகுத்தால் 176.06. பின்னத்தை விட்டுவிட்டால் 176. மொத்த மாநிலத்துக்கு 176 × 234 = 41,184.

பின்னத்தை எப்போதும் தள்ளிவிடாதீர்கள். 1000-ஆல் வகுக்கும்போது மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். சிக்கிமில் 2,09,843-ஐ 32-ஆல் வகுத்தால் சுமார் 6,557. ஆக மதிப்பு 6 அல்ல, 7. பலர் சறுக்குவது இங்கேதான்.

எம்பியின் வாக்கு மதிப்பும் ஓரிடத்தில் 708, இன்னோரிடத்தில் 700 எனப் பொருந்தாமல் இருக்கிறதா? 708 என்பது 2017 கணக்கு. 2022-ல் ஜம்மு காஷ்மீர் சட்டப்பேரவை இல்லாததால் எம்எல்ஏக்களின் மொத்த மதிப்பு 5,43,231 ஆகக் குறைந்தது. அதை எம்பிக்களின் எண்ணிக்கையான 776-ஆல் வகுத்தால் 700. எந்த ஆண்டின் விடை என்று பார்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: 776 என்பது மக்களவையின் 543 + மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 233. மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களைச் சேர்த்துவிடாதீர்கள், அவர்களுக்கு இதில் வாக்கில்லை. சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் கிடையாது. (பதவிநீக்கத் தீர்மானத்தில் மட்டும் நியமன எம்பிக்களும் வாக்களிக்கலாம், அது வேறு விஷயம்.)