ஐந்து மைக் வாங்காதது கிளாசிக் இல்லையா?

ராப் இசைக்கலைஞர் டாக்டர் டிரேயின் 'தி குரோனிக்' ஆல்பத்துக்கு அமெரிக்க ஹிப்-ஹாப் இதழான 'தி சோர்ஸ்' நாலரை மைக்தான் தந்தது (மைக் என்பது அந்த இதழின் மதிப்பெண், ஐந்துதான் உச்சம்), ஆகவே அது கிளாசிக் இல்லை என்கிற நண்பருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த இதழே தன் கணக்கைத் திருத்திக்கொண்டதைச் சொல்லுங்கள். ராப்பர் ஜே-ஸீயின் 'ரீசனபிள் டவுட்' ஆல்பம் 1996இல் வாங்கியது நான்கு மைக். பிற்பாடு அதையே ஐந்தாக்கினார்கள்.

மதிப்பெண் வீண் என்று சொல்லவரவில்லை. 1994இல் ராப்பர் நாஸின் 'இல்மாட்டிக்' ஆல்பம் மந்தமாகத்தான் விற்றது. ஐந்து மைக்தான் அதைப் பேச்சில் வைத்திருந்தது. (நியாயமான ஐந்து. பத்துத் தடங்களில் ஒன்றைக்கூடத் தாண்டத் தோன்றாது.) 'தி குரோனிக்'குக்கு அந்தத் தயவு வேண்டியிருக்கவில்லை. அடியில் உருளும் பேஸ், மேலே விசில்போல் இழையும் சிந்தசைசர்: பல ஆண்டுகள் அமெரிக்க மேற்குக் கடற்கரையின் ராப் உலகமே அதை நகலெடுத்தது.