அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனையை அனுமதிக்க வேண்டுமா?

அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனையே தடைசெய்யப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தோடுதான் பலரும் இதைக் கேட்கிறார்கள். உண்மை நிலை வேறு. தேர்வுக்கு முன் ஒரு மாணவி கண்மூடி வேண்டிக்கொள்வதையோ, உண்ணும் முன் நண்பர்கள் சேர்ந்து ஜெபிப்பதையோ உச்ச நீதிமன்றம் தடுத்ததில்லை. மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் உயர்நிலைப் பள்ளி, மாணவர்களே நடத்தும் சமயக் குழுவுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. தடுக்கப்பட்டது பள்ளி நிர்வாகம் நடத்தும் பிரார்த்தனை மட்டுமே. அந்தத் தடை சரியானது என்பதே என் கருத்து.

தடை வந்த விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம், எந்தச் சமயப் பிரிவையும் சாராதது என்று கருதி, ஆங்கிலத்தில் 22 சொற்கள் கொண்ட ஒரு பிரார்த்தனையை எழுதிப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. எல்லாம் வல்ல கடவுளிடம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நாட்டுக்கும் ஆசி கேட்கும், யாரையும் புண்படுத்தாத வாசகம்தான் அது. விருப்பமில்லாத பிள்ளை சொல்லாமல் இருக்கலாம் என்ற சலுகையும் இருந்தது. லாங் ஐலண்டைச் சேர்ந்த பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், 1962 ஜூன் மாதம், உச்ச நீதிமன்றம் 6-1 என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. மக்கள் ஓதுவதற்கான பிரார்த்தனையை இயற்றுவது அரசின் வேலையே அல்ல என்று எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், ஒரு காலத்தில் பாப்டிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டே, பென்சில்வேனியாவில் நாள்தோறும் பைபிளிலிருந்து பத்து வசனங்களை வாசிக்கச் செய்த சட்டமும் விழுந்தது.

இவை கடவுள் மறுப்பாளர்களின் வெற்றி என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் பள்ளியில் எந்தப் பிரார்த்தனை, எந்த வேதம் என்ற சண்டை முதலில் மூண்டது கிறிஸ்தவர்களுக்குள்ளேயேதான். 1844-இல் பிலடெல்பியாவில், பள்ளிகளில் வாசிக்கப்பட்ட புராட்டஸ்டண்ட் பைபிளுக்குப் பதிலாகத் தங்கள் பிள்ளைகள் தங்கள் மொழிபெயர்ப்பையே வாசிக்கலாமா என்று கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டி எழுந்த பகை, கலவரமாகி, தேவாலயங்கள் எரிந்து, உயிர்கள் போகும் அளவுக்குச் சென்றது. 2000-இல் டெக்சஸ் பள்ளி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்தாட்டங்களுக்கு முன் ஒலிபெருக்கியில் நடந்த பிரார்த்தனையை எதிர்த்து வென்றவர்களும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பமுமே. பெரும்பான்மையினர் காதுக்கு எல்லாருக்கும் பொதுவானதாகக் கேட்கும் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கே அந்நியமாக இருக்கலாம்.

பிள்ளையின் நாளில் பெரும்பகுதியைப் பள்ளியே எடுத்துக்கொள்ளும்போது, அங்கே கடவுளுக்கு மட்டும் இடமில்லை என்பது சமயத்தை இழிவுபடுத்துவதாகாதா என்று மறுதரப்பினர் கேட்கிறார்கள். நியாயமான ஆதங்கம்தான். 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்குச் செவிசாய்த்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமெர்டன் நகரில், ஜோசப் கென்னடி என்ற கால்பந்துத் துணைப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டுப் பிரார்த்திப்பார். அது அவருடைய தனிப்பட்ட வழிபாட்டுரிமை என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பானது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஒரு தனி மனிதரின் அமைதியான வேண்டுதலாக வருணிக்க, நீதிபதி சோட்டோமேயர், வீரர்கள் அவரைச் சூழ்ந்து மண்டியிட்டிருக்கும் புகைப்படங்களையே தம் மாறுபட்ட தீர்ப்பில் சேர்த்தார். கடவுள் நம்பிக்கையற்ற தம் மகன், சேராவிட்டால் ஆடும் வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சியே அதில் சேர்ந்ததாக ஒரு தந்தை முறையிட்டதும் இந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்பதில் செல்வாக்குள்ளவர் வாய் திறந்து யாரையும் அழைக்க வேண்டியதில்லையே! பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த முகக்குறிப்பே போதும்.

டெக்சஸில் 2025-இல் வந்த சட்டம் இந்த விவாதத்தை நம்மவர் வீடுகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. பிரார்த்தனைக்கும் சமய நூல் வாசிப்புக்கும் தனி நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு மாவட்டப் பள்ளி வாரியமும் வாக்களித்து முடிவுசெய்ய வேண்டும் என்று அது விதித்தது. அப்படி நேரம் ஒதுக்கும் பள்ளிகளில், பிள்ளை கலந்துகொள்ளப் பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்திடுபவர், இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் உரிமையையும் அதிலேயே விட்டுக்கொடுக்கிறார். பைபிள் மட்டுமல்லாமல் பிற சமய நூல்களையும் வாசிக்கலாம் என்பதால், நம் பிள்ளை தேவாரம் படிக்கட்டுமே என்று சில தமிழ்ப் பெற்றோர் நினைக்கக்கூடும். அந்தப் பிள்ளை மதிய இடைவேளையில் தேவாரம் சொல்வதற்கு இச்சட்டம் வருவதற்கு முன்பும் தடை இருந்ததில்லை. எந்த வீட்டில் கையெழுத்திட்டார்கள், எந்த வீட்டில் மறுத்தார்கள் என்பது இனிப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருக்கும் என்பதுதான் புதிது.