செரிபிரல் பால்சி உள்ள பிள்ளைகளுக்கு வேறு நோய் வந்தால் டாக்டர்கள் ஏன் சரியாகப் பார்ப்பதில்லை?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

என் தம்பிக்கு செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாத நிலை), கூடவே ஃபிட்ஸ். பேச்சு வராது. ஆனால் சொல்வதெல்லாம் புரியும். 'ஆமாம்' என்றால் கண்ணை மேலே தூக்குவான். போன வருடம் திடீரென்று சாப்பாட்டைத் துப்ப ஆரம்பித்தான். ராத்திரியெல்லாம் முனகல், கையைக் கடித்துக்கொள்வது. பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவனைத் தொடவே இல்லை. "எப்பவும் இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார். "இந்த மாதிரி பிள்ளைகளுக்கு வயசு ஏற ஏற கோபம் வரும்மா" என்று தூக்க மாத்திரை எழுதிவிட்டார். வீல்சேரோடு எடை பார்க்கும் மெஷின் அங்கே இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்து, "ஒரு நாற்பது கிலோ இருப்பானா?" என்றார். அந்த நாற்பதுதான் சீட்டில் ஏறியது, மருந்தின் அளவும் அதை வைத்துத்தான்.

முனகல் குறைந்தது, துப்புவது நிற்கவில்லை. பிசியோதெரபி கொடுக்கிற அக்காதான் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் சீழ்! ஈறு பாதிப் பல்லை மூடியிருந்தது. ஃபிட்ஸுக்கு வருடக்கணக்கில் ஃபெனிட்டாயின் சாப்பிட்டால் சிலருக்கு ஈறு இப்படி வளரும். மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். மாத்திரை எழுதிய யாரும் பல்லைக் காட்டச் சொன்னதில்லை. பல் கிளினிக்குகளோ, அசையாமல் இருக்க மாட்டான் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் அரசு பல் மருத்துவமனையில்தான் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கினார்கள். புண் ஆறியதும் தயிர்சாதத்தைத் துப்பாமல் சாப்பிட்டான். அம்மா அழுதுவிட்டார்.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவனைக் காப்பாற்றியதும் டாக்டர்கள்தான். கூட்டம் அதிகம், நேரமில்லை, எல்லாம் தெரியும். ஆனால் பேசுகிற பையன் அதே வலியோடு போயிருந்தால் வாயைத் திறக்கச் சொல்லியிருப்பார்களா இல்லையா? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையே சொல்கிறது: மாற்றுத்திறனாளிகளில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறக்கிறார்கள். எல்லாவற்றையும் குறைபாட்டின் தலையில் கட்டிவிட முடியாது, ஒழுங்காகப் பார்த்தால் தவிர்க்கக்கூடிய காரணங்களும் இருக்கின்றன என்பதும் அதில் இருக்கிறது.

18 வயது வரையாவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அரசு மையம்) இருந்தது. பிசியோ, பல், காது எல்லாம் ஒரே இடம். 18 தாண்டினால் ஒவ்வொரு துறையாக வரிசையில் நிற்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. டோக்கன் கவுண்டரில் அதைச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஃபெனிட்டாயின் கொடுக்கிறீர்கள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். வலியில் எப்படி இருக்கிறது, சாதாரண நாளில் எப்படி இருக்கிறது என்று போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டால் காட்டலாம்.

அப்புறம் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இருப்பது மூன்றே படி. எங்கள் செலவிலேயே சாய்தளம் போட்டுக்கொள்கிறோம் என்றோம். முகப்பு அழகு கெட்டுவிடும் என்று சங்கக் கூட்டத்தில் மறுத்துவிட்டார்கள். அதே வாசலில் தொட்டிச் செடி வைக்க மட்டும் இடம் இருக்கிறது.