எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தோட்டத்தாரும் பக்கத்து டிவிஷனில் உள்ள சிலரும் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் கூடி வாசிக்கிறோம். இதுவரை சிறுகதையும் நாவலுமே வாசித்து வந்தோம். இந்த வருடம் எல்லோருக்கும் உண்மை விடயங்களைச் சொல்லும் நூல்களின் மேல் ஆசை வந்துவிட்டது. காமன் கூத்தில் ஆடும் அண்ணன் கலை பற்றிய நூல் வேண்டும் என்கிறார். பூசகரின் மகன் சமயம் என்கிறார். இன்னொருவர் வரலாறு என்கிறார். டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, வணிகம் பற்றிய புத்தகம்தான் பிரயோசனம் என்கிறார். ஆளுக்கொன்றாக வாங்கினோம், ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. எங்களில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் இருப்பதால், சமய நூலை எடுத்தால் மனத்தாங்கல் வருமோ என்றும் பயமாக இருக்கிறது. அப்பாவோ, "சோதனைக்கு உதவாத படிப்புக்கு எதுக்கும்மா காசு?" என்று கேட்கிறார். நாங்கள் எதில் தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நால்வரும் நான்கு திசையில் இழுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் மலைநாட்டைப் பொறுத்தவரையில் அந்த நான்கையும் தனித்தனியாக வாசிக்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகையால் எந்தத் துறையில் தொடங்குவது என்பதை விட்டுவிட்டு, உங்கள் கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளில் தொடங்குங்கள். அது தேயிலைச் செடியாகவே இருக்கட்டும்.

1869 ஆம் ஆண்டளவில் கோப்பிச் செடியின் இலைகளில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். இவ்வளவும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கும்போதுதான் வாசிப்புச் சூடுபிடிக்கிறது. கோப்பி, பழம் பறிக்கும் பருவத்தில் பெருந்தொகையான ஆட்களைக் கேட்ட பயிர்; பருவம் முடிந்ததும் அவர்களில் பலர் தமிழ்நாட்டு ஊர்களுக்குத் திரும்பிவிட முடிந்தது. தேயிலையோ ஏழெட்டு நாளுக்கொரு முறை, ஆண்டு முழுவதும், கொழுந்து எடுத்தே ஆகவேண்டிய பயிர். வந்து போகும் ஆட்களை வைத்து அதை நடத்த முடியாதாகையால், குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் நிலைத்துத் தங்கின. கோப்பிக் காலத்திலேயே மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மனைக் கும்பிட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் கரகம் பாலிக்கவும், மாசியில் காமன் கம்பம் நட்டு ரதி மதனுக்கு வேடம் கட்டவும், வாத்தியார் ஒருவர் அடுத்த தலைமுறைக்குப் பாட்டையும் அடவையும் சொல்லிக்கொடுக்கவும், அந்த இடத்திலேயே இருந்து முதுமையடையும் சனம் வேண்டும். ஆக, கூத்தாடும் அண்ணனின் கேள்விக்கு உரிய விடையில் ஒரு பகுதி நானா கேட்கும் வணிக நூலில் இருக்கிறது. அந்த வணிகத்தின் போக்கை மாற்றியது ஓர் இலை நோய். அவர்கள் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, இந்த இடத்தை மட்டும் வாசிக்கச் செய்யுங்கள்.

நானாவுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பில் தேயிலை ஏலம் முதன்முதலாக 1883 ஜூலை 30 ஆம் திகதி நடந்தது. அதற்கு முன் லண்டன் ஏலத்தில் விலை முடிவாகிக்கொண்டிருந்த பொருளுக்கு இங்கேயும் ஒரு சந்தை உண்டானது. ஏலத்தில் தோட்டத்தின் பெயரும், தூளின் தரமும், பருவமும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கின்றன. உங்கள் பக்கத்து மேற்குச் சரிவுகளில் தை முதல் பங்குனி வரை காய்ந்த குளிர்காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்கிறது, அதன் மணமும் சுவையும் கூடுகின்றன, வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஊவாப் பக்கத்தில் இந்தப் பருவம் ஆடி, ஆவணியை ஒட்டி வருகிறது. வணிக நூல் இதைத் தரமான பருவம் என்று புகழ்ந்து எழுதும். மலையில் நிற்கும் உங்கள் அம்மாவுக்கோ அதே மாதங்கள், கூடை நிறையாத, கிலோ குறைந்து அன்றைய முழுச் சம்பளம் கிடைக்காமல் போகுமோ என்று பயப்படுகிற மாதங்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஏல விலைப் பட்டியலை வாசிக்கிற ஒரு தோட்டத்துப் பெண், அப்பட்டியலைத் தயாரித்தவர் காணாத ஒன்றையும் அதில் காண்பாள்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம்மைப் பற்றிய பழைய நூல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் துரைமாரும் அதிகாரிகளும் பயணிகளும். அவற்றில் நம் முன்னோர் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். அதற்காக அந்நூல்களை ஒதுக்கவேண்டியதில்லை. "இதை இவர் எப்படி அறிந்தார்? நேரில் கண்டாரா, கேட்டு எழுதினாரா, கணக்கேட்டிலிருந்து எடுத்தாரா?" என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்றும் எழுதியது. வரலாற்று நூலில் இது ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். உங்கள் தோட்டத்தில் அது எந்த லயத்துக் காம்பராவைப் பூட்டியது, எந்தச் சகோதரிகளைப் பிரித்தது, யார் கடைசி நிமிடத்தில் போக மறுத்தார் என்பதை வயதானவர்கள் சொல்வார்கள். அவர்களையும் வாசிப்புக்கு அழையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பிறர் உரக்க வாசிப்பதைக் கேட்டு, "அது அப்படி நடக்கலையே" என்று இடைமறிக்கும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. அதே கண்டிப்பை அவர் சொல்வதிடமும் காட்டவேண்டும். நினைவும் ஆண்டுகளைக் கலந்துவிடும், வேண்டியவர்களை உயர்த்திவிடும்.

இப்படி உள்ளிருந்து எழுதியவர்களும் நமக்கு உண்டு. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்து, 1947 இல் தலவாக்கலை மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். கோ. நடேசய்யரின் வாழ்வையும் தொழிற்சங்கப் பணியையும் சாரல்நாடன் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். வரலாறு கேட்ட நண்பர் அந்த நூலில் தொடங்கட்டும். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போகும் வரலாறு, நாவல் வாசித்துப் பழகியவர்களுக்குச் சிரமம் தராது.

கலைக்கு வருகிறேன். நான் மிகவும் நேசிக்கும் விடயம் என்பதால் இதில் சற்று நீளமாகப் பேச அனுமதியுங்கள். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக 1903 இல் இலங்கையில் பணியேற்று, மலைநாடெங்கும் அலைந்தார். கல்லைத் தேடிப் போனவரின் கண்ணில் கண்டிக் கிராமங்களின் தச்சரும் கொல்லரும் தட்டாரும் சித்திரக்காரரும் பட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் இங்கிலாந்தில் 425 பிரதிகள் மட்டும் கையச்சில் அச்சாகி வெளிவந்தது. அந்த நூலின் சிறப்பு அதன் படங்களோடு நின்றுவிடவில்லை. கைவினைஞர் எந்த நிலத்தை எந்தச் சேவைக்காக அனுபவித்தார், சமூகத்தில் அவருக்கு என்ன இடம் இருந்தது என்பதையும் அது விரிவாகப் பேசுகிறது. அழகான ஒரு தூணைப் பார்த்தவுடன், அதைச் செதுக்கியவரின் வீட்டில் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்கிற கலை நூல்கள் குறைவு. உங்கள் கூத்துக்கார அண்ணனுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே விளங்கும். மாசியில் இரவிரவாக ஆடிவிட்டு விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பவர்களை அவர் அறிவார் அல்லவா.

நூலோடு நிற்காமல் ஒரு நாள் கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவைக்குப் போய்வாருங்கள். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று பழைய ஆலயங்களும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய தூரத்தில் உள்ளன. கம்பளை அரசர் காலத்தில், 1344 ஆம் ஆண்டு எழுந்த கடலாதெனிய விகாரை, பாறையின் மேல் தென்னிந்தியக் கட்டடப் பாணியில் கருங்கல்லால் அமைந்தது; அதன் சாசனம் தலைமைச் சிற்பியின் பெயரைக் கணேஸ்வராச்சாரி என்று பதிவு செய்திருக்கிறது. அதே காலத்து லங்காதிலகவில் புத்தரின் கருவறையை அடுத்துத் தெய்வங்களுக்கான சன்னிதிகள் இருக்கின்றன. கணபதியும் கந்தகுமாரனும் அத்தெய்வங்களில் அடங்குவர். அங்குள்ள பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. கோப்பி வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில், ஒரு பௌத்த ஆலயத்தின் கொடையைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்தது. அந்தத் தமிழர் வேறு, நாம் வந்த வரலாறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசிவிடக் கூடாது. கலையையும் சமயத்தையும் வரலாற்றையும் தனித்தனி அலுமாரியில் வைக்க முடியாது என்பதை அந்தப் பாறையின் முன் நின்று பார்ப்பவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

சமய நூல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டால் அது பெரும்பாலும் தீரும். ஒரு சமயத்தைப் பற்றி வாசிக்கும்போது, அதை மறுத்து எழுதியவரின் நூலை முதலில் எடுக்காதீர்கள். அதை நம்பி வாழ்ந்தவர் எழுதியதை எடுங்கள். கோட்பாட்டில் தொடங்காமல், விரதம், திருவிழா, அடக்கம், அன்னதானம் என்று கண்ணால் காணும் வழக்கங்களில் தொடங்குங்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் தம் வீட்டிலிருந்து சொல்ல ஏதாவது இருக்கும். சித்திலெப்பை 1838 இல் கண்டியில் பிறந்து, 1882 முதல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் நடத்தி, தம் சமூகத்தின் கல்விக்காகப் பாடுபட்டவர். அவரைப் பற்றிய நூலை நானா அறிமுகம் செய்யட்டும். 1854 இல் தோட்டத் தொழிலாளர் மத்தியில் தொடங்கிய தமிழ் மிஷன் என்ற புரொட்டஸ்தாந்துச் சமயப் பணியின் வரலாற்றைக் கிறிஸ்தவ நண்பர்கள் எடுக்கட்டும். அது அவர்களுடைய திருச்சபை அல்லாவிட்டாலும், தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் கதை அதில் கலந்திருப்பதால், ஆசிரியையான உங்களுக்கும் அது சொந்த விடயமே.

பாதியில் நின்ற புத்தகங்களுக்காக வருந்த வேண்டாம். நாவலுக்கு முடிவைக் காணாமல் நிம்மதி இல்லை; இத்தகைய நூல்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, பொருளடக்கத்தைப் பார்த்து, அதற்குரிய அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை வாசிப்பது, விளங்காமல் முந்நூறு பக்கம் புரட்டுவதைவிட மேலானது. கூட்டத்துக்கு ஒரு நூல் என்பதை மாற்றி ஒரு கேள்வி என்று வையுங்கள். நால்வர் நான்கு நூல்களிலிருந்து ஆளுக்குப் பத்துப் பக்கம் வாசித்து வந்து அந்த ஒரே கேள்விக்கு விடை சொல்லட்டும். ஒரு கொப்பியில் நூலின் பெயரையும் பக்க எண்ணையும், அதை மறுத்தோ ஆமோதித்தோ உங்கள் ஊரார் சொன்னதையும், சொன்னவரின் பெயரோடு எழுதிவையுங்கள்.

அப்பாவின் கேள்வியில் காசு பற்றிய பகுதி முற்றிலும் சரியானது. ஆளுக்கொன்று வாங்குவதை உடனே நிறுத்துங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பெருந்தொகையாக மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் மலையக நூல்கள் பலவற்றைக் கைபேசியிலேயே காசில்லாமல் வாசிக்கலாம். நகரத்துப் பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். உங்களுக்கு வேண்டிய நூல் அங்கே இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், கேட்பவர் இல்லாமல் எந்த நூலகமும் வாங்காது. சோதனைக்கு உதவாத படிப்பு என்பதற்கு நீங்கள் வாதாட வேண்டாம். அவர் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்றால், கொழுந்தை வாட்டுவது முதல் தூளைச் சலிப்பது வரை விவரிக்கும் அத்தியாயத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, எங்கே பிழை என்று கேளுங்கள். மலையில் வேலை செய்தவர் என்றால் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து பற்றிய அத்தியாயத்தை எடுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறுக்கு நான் முன்மொழியும் கேள்வி: "நம் தோட்டத்துக் கோயிலை யார், எப்போது, எந்தக் காசில் கட்டினார்கள்?" பூசகரின் மகனுக்கு இது சமயம், அண்ணனுக்குக் கலை, நண்பருக்கு வரலாறு. நன்கொடைப் பட்டியலையும் சம்பளத்தில் பிடித்த கணக்கையும் தேடும் வேலை நானாவுக்கு. கல்வெட்டோ பெயர்ப்பலகையோ இருந்தால் எழுத்து மாறாமல் பார்த்தெழுதுங்கள். பழைய நோட்டீசுகள் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன என்று இந்த வாரமே விசாரிக்கத் தொடங்குங்கள். மழை தொடங்குமுன் அவற்றைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.