மிஷனெரி நிதியைச் சேகரக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பொருளாளராக இருக்கிறேன். பிடி அரிசிக் காணிக்கை (சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் கொடுப்பது), அசனப் பண்டிகை என்னும் சபை விருந்தில் மிஞ்சிய தொகை, வாலிபர் ஐக்கியத்தின் நன்கொடை எல்லாம் சேர்ந்து மிஷனெரி நிதியில் 4,20,000 ரூபாய் இருக்கிறது. கம்போடியாவில் ஊழியம் செய்யும் எங்கள் ஊர்க் குடும்பத்துக்கு இதை அனுப்ப விரும்புகிறோம். சென்னையிலிருந்து வந்த ‘மிஷன் ஒருங்கிணைப்பாளர்’ ஒருவர், 35,000 ரூபாய் கட்டினால் ஜெப வரைபடம், பயிற்சிக் காணொளிகள், கூட்டாண்மைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தருவதாகவும், பணத்தைத் தாமே அங்கே சேர்ப்பதாகவும், நாங்கள் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தம் அமெரிக்க நண்பர்களிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கி எங்கள் கணக்கில் போடுவதாகவும் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகனும் மருமகளும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். எது சரி, எது தவறு என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்: அந்த 35,000 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் பான் எண்ணுடன் கூடிய ரசீது கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே ஒருங்கிணைப்பாளரின் வருகை நின்றுவிடும் என்பது, சபைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்த என் அனுபவம். அவர் விற்கும் பொருள்களில் பெரும்பாலானவை விலையில்லாமல் கிடைப்பவை. எந்த நாட்டில் எந்த இனக்குழு வாழ்கிறது, என்ன மொழி பேசுகிறது என்னும் விவரங்களை ஜோஷுவா ப்ராஜெக்ட் போன்ற இணையதளங்கள் இலவசமாகவே தருகின்றன. உங்கள் ஊர்க் குடும்பம் மாதம் ஒருமுறை எழுதும் கடிதத்தை ஞாயிறு ஆராதனையில் வாசித்தால், எந்த வரைபடத்தையும்விட அது சபைக்கு அதிகம் கற்றுத்தரும். அவர்களிடம் நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டியது வேறு. கம்போடிய அரசமைப்பின் 43ஆம் பிரிவு பௌத்தத்தை அரசு மதம் என்கிறது. பிற மத அமைப்புகள் அரசிடம் பதிவு செய்துகொண்டே இயங்க வேண்டும். ஆகவே அவர்கள் எந்தப் பதிவுபெற்ற அமைப்பின் கீழ்ப் பணிசெய்கிறார்கள், அங்கே வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்னும் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். சேகரக் கணக்கிலிருந்து கம்போடியாவுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சேகரம் பெரும்பாலும் தனிச் சட்ட உருவம் கொண்டதன்று. பல சேகரங்களைக் கொண்ட, பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின் ஓர் அங்கமாகவே அதன் கணக்கு வரித்துறையின் பார்வைக்குப் போகிறது. திருமண்டலம் வருமான வரி விலக்குப் பெறுவதற்கு அடிப்படை, அதன் வருமானத்தில் 85 விழுக்காடாவது இந்தியாவில் நடக்கும் அறப்பணிக்கோ சமயப்பணிக்கோ செலவாகிறது என்பதுதான். நாட்டுக்கு வெளியே நடக்கும் பணிக்குச் செலவழித்த தொகை, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஆணை இல்லாமல் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் 4,20,000 ரூபாய் திருமண்டலத்தின் மொத்த வரவில் சிறு துளிதான் என்றாலும், ஒரு சேகரம் செய்ததை ஐம்பது சேகரங்கள் பார்த்துச் செய்யும்போது, விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியவர் உங்கள் மன்றத்தார் ஒருவரும் அல்லர். ‘மிஷனெரியின் பாளையங்கோட்டை வங்கிக் கணக்கில் ரூபாயாகப் போட்டுவிட்டால் போதாதா’ என்று சிலர் கேட்பார்கள். பணம் எந்த ஊரில் கைமாறியது என்பதோடு அதிகாரி நிறுத்திக்கொள்ள மாட்டார். எந்த நாட்டில் நடக்கும் பணிக்காகக் கைமாறியது என்றும் கேட்பார்.

இதற்கு மாற்றாகச் சபைகளில் ஒரு ‘தந்திரம்’ சொல்லித்தரப்படுகிறது. நிதியைப் பத்து சபையாருக்குப் பிரித்துக் கொடுத்து, அவரவர் பெயரில் அனுப்பச் சொல்வது அது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் அந்த வசதி இல்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தனிநபர் கையெழுத்திடும் ஏ2 படிவத்துடன், இந்தப் பணம் என்னுடையது என்ற உறுதிமொழியும் தருகிறார். காணிக்கைத் தட்டில் விழுந்து, ரசீது எழுதி, சேகரக் கணக்கில் வரவு வைத்த பணத்தைத் தன்னுடையது என்று ஒரு மூப்பர் கையெழுத்திட்டால் அது பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சி சொல்லாதே என்னும் ஒன்பதாம் கட்டளையை மீறுவதற்கு மிஷனெரிப் பணி ஒரு காரணமாக இருக்கக் கூடாது.

சபையார் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து, சேகரத்தின் வழியே வராமல், தம் வங்கியிலிருந்து நேராக அனுப்புவதில் தடையேதும் இல்லை. வங்கியில் நோக்கக் குறியீடு கேட்பார்கள்: ஆளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு என்றால் எஸ் 1302, வெளிநாட்டுச் சமய அல்லது தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை என்றால் எஸ் 1303. உங்கள் ஊர்க் கிளையில் இருப்பவருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், குறித்துக்கொண்டு போங்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் வரும். இந்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி எனப்படுவது) கிடையாது என்பதைக் கொடுப்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் ‘நானே சேர்த்துவிடுகிறேன்’ என்று சொல்வதன் பொருள் என்ன என்று யோசித்தீர்களா? நீங்கள் சென்னையில் ரூபாயைக் கொடுப்பீர்கள், அவருடைய ஆள் புனோம் பென்னில் டாலரைக் கொடுப்பார். இடையில் எந்த வங்கியும் இராது. வளைகுடாவுக்குப் போன எந்த வீட்டிலும் இதன் பெயர் தெரியும்: உண்டியல். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். காணிக்கைப் பெட்டிக்கும் அதே பெயர் என்பதற்காக வேதனையில் சிரித்துக்கொள்ளலாமே தவிர, விசாரணையில் அது உதவாது.

அமெரிக்க நண்பர்களின் ‘ரூபாய்க்கு ரூபாய்’ இதைவிட ஆபத்தானது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் பிறந்தது. 2010இல் புதிதாக எழுதப்பட்டது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறப் பதிவுபெற்ற ஓர் அமைப்பு, தான் பெற்றதை வேறு எந்த அமைப்புக்கும் கொடுக்க முடியாது. பெறுகிற அமைப்பும் பதிவுபெற்றதுதான் என்றாலும் முடியாது. ‘எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறது, உங்களுக்குப் பகிர்ந்து தருகிறோம்’ என்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் நிதி முதலில் புது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை உள்ள எல்லா அனாதை இல்லங்களுக்கும் ஒரே கிளை என்று விதித்தவர்கள், அங்கே ஒரு ஆவணம் திரும்பிவந்தால் தெற்கே என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்த்ததில்லை. ஆயினும் விதி விதிதான். பதிவோ முன் அனுமதியோ இல்லாத உங்கள் சேகரக் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால், ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. அப்போது முன்னால் நிற்பது காசோலையில் கையெழுத்திடும் நீங்களும் சேகரகுருவும்.

உங்கள் மகன், மருமகள் விஷயத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் மிகுதியான குழப்பம் இங்கேதான். வெளிநாட்டு நிதியா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பணத்தின் நாணயம் அன்று, கொடுப்பவரின் குடியுரிமை. மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால், அவர் சிங்கப்பூரில் இருபது ஆண்டு வேலை பார்த்தாலும், அங்கே நிரந்தரவாசத் தகுதி பெற்றிருந்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நிதி ஆகாது. சேகரம் தாராளமாகப் பெறலாம். மருமகள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், அவர் நாசரேத்தில் பிறந்தவராயினும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை கையில் இருந்தாலும், அவர் தரும் நூறு ரூபாயும் வெளிநாட்டு நிதி. விடுமுறையில் ஊருக்கு வந்து, நம் ரூபாய் நோட்டாகவே தட்டில் போட்டாலும் அப்படித்தான். இருவருக்கும் கூட்டுக் கணக்கு இருந்தால் அதிலிருந்து வாங்காதீர்கள். மகன் தம் பெயரில் மட்டும் உள்ள கணக்கிலிருந்து அனுப்பட்டும், கடவுச்சீட்டின் முதல் பக்க நகலை ரசீதுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அவரும் குடியுரிமை மாறினால், மாறிய நாளிலிருந்து அவரும் வெளியார். ஆகையால் நகலை ஆண்டுதோறும் கேளுங்கள், மகனாயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். மகன் தம் நிறுவனத்தின் நன்கொடைத் திட்டத்திலிருந்து வாங்கித் தந்தால் கொடுப்பவர் நிறுவனம், மகன் அல்லர். சிங்கப்பூரில் அவர் போகும் தமிழ்ச் சபை காணிக்கையெடுத்து அனுப்பினால், அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டுச் சங்கம்.

இவ்வளவையும் விளக்கிய பிறகு ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. சிங்கப்பூரிலிருக்கும் இருவர் கம்போடியாவிலிருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்க விரும்பும் பணம் எதற்காகத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வந்துவிட்டுப் போக வேண்டும்? அங்கிருந்து அங்கே நேராக அனுப்பினால் இந்தியாவின் இந்தச் சட்டங்கள் எதுவும் குறுக்கே வராது. சேகர அறிக்கைப் புத்தகத்தில் உங்கள் வீட்டுப் பெயர் அச்சாகாது என்பது மட்டுமே இழப்பு.

கைவசம் உள்ள 4,20,000 ரூபாய்க்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள் என்றால் அவர்களுடைய கல்வி, விடுதிக் கட்டணத்தைப் பள்ளிக்கு நேராகக் கட்டலாம். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால் மருத்துவச் செலவை ஏற்கலாம். இவை இந்தியாவில் நடக்கும் உதவிகள். அந்தக் குடும்பம் தன் வருமானத்திலிருந்து இங்கே அனுப்ப வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைவதால், பயன் கம்போடியாவைப் போய்ச் சேர்கிறது. விமானச் சீட்டை, அது வெளிநாட்டுப் பணியோடு ஒட்டிய செலவு என்பதால், நான் இதில் சேர்க்க மாட்டேன். மீதத்தை இந்தியாவுக்குள் பிறமொழிப் பகுதியில் பணிசெய்யும் பதிவுபெற்ற மிஷனெரிச் சங்கத்துக்குக் கொடுங்கள். 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியபோது, தெலுங்கு பேசும் அந்த நிஜாம் சீமை நம் முன்னோருக்கு அயல்நாடாகவே இருந்தது. அதற்கான செலவை இங்குள்ள சபையாரின் காணிக்கை தாங்கியது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றும் அவர்களுடைய மிஷனெரிகளைத் தாங்குகிறது. எந்த ஒருங்கிணைப்பாளரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இனிமேல் சேரும் காணிக்கைக்கு, ‘வெளிநாட்டு மிஷனெரிக்கு’ என்று ரசீதில் எழுதி வாங்காதீர்கள். அவ்வாறு கொடுக்க விரும்புவோருக்கு ஏ2 படிவத்தையும் அக்குடும்பத்தின் வங்கி விவரத்தையும் கொடுத்து அவரவர் வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். இருப்பில் உள்ள நிதியை மேலே சொன்னபடி செலவிடச் சேகர மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைத் திருமண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால், வரவில்லை என்பார்கள்.